பிள்ளையின் கண்ணீரும் படப் புத்தகமும்

(பங்கின் பொன்விழா ஆண்டில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழாவை முன்னிட்டுப் பங்கின் பழைய பதிவேடுகளை எடுத்துத் தூசி தட்டி வைத்திருக்கிறோம். திருமுழுக்குப் பதிவேடு, திருமணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு ஆகிய மூன்றும் மேசை மேல் இருக்கின்றன. ஐம்பது ஆண்டுகளில் நம் ஊர் கண்ட மகிழ்ச்சி முதல் இரண்டிலும் இருக்கிறது. கண்ட இழப்பு மூன்றாவதில் இருக்கிறது. அடக்கப் பதிவேட்டிலே இறந்தவரின் பெயர், வயது, இறந்த நாள், அடக்கம் செய்த குருவின் கையொப்பம் எல்லாம் உண்டு. ஆனால் அந்த வீட்டிலே அன்று மூன்று வயதிலும் ஐந்து வயதிலும் இருந்த பிள்ளைகள் என்ன நினைத்தார்கள், யாரிடம் என்ன கேட்டார்கள், அதற்கு யார் என்ன பதில் சொன்னார்கள் என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

துஷ்டி வீட்டில் பிள்ளைகள்

ஒரு துஷ்டி வீட்டை நினைத்துப் பாருங்கள். கோயில் மணி அடிக்கிறது. வாசலில் பந்தல் போடுகிறார்கள். உறவினர் வந்து இறங்குகிறார்கள். பெண்கள் கட்டிப் பிடித்து அழுகிறார்கள். சிறு பிள்ளைகள் எங்கே? "பிள்ளை பயந்துபோகும்" என்று சொல்லி அடுத்த வீட்டில் விட்டிருப்போம். இல்லாவிட்டால் கையில் ஒரு கைபேசியைக் கொடுத்து மூலையில் உட்கார வைத்திருப்போம். அன்பினால்தான் அப்படிச் செய்கிறோம். ஆனாலும் பிள்ளைக்குக் கண்ணும் இருக்கிறது, காதும் இருக்கிறது. வீட்டில் ஏதோ நடந்துவிட்டது என்று அதற்குத் தெரிகிறது. என்ன நடந்தது என்பதுதான் தெரியவில்லை.

பிள்ளை வாய் திறந்து கேட்டால் நாம் வழக்கமாகச் சொல்லும் பதில்கள் மூன்று.

"தாத்தா தூங்குகிறார்" என்பது முதல் பதில். தூங்கியவரைப் பெட்டியில் வைத்து மூடித் தூக்கிக்கொண்டு போவதைப் பிள்ளை பார்க்கிறது. அன்று இரவு தூங்கப் பயந்து தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு விழித்திருக்கிறது.

"அப்பா வெளிநாடு போயிருக்கிறார்" என்பது இரண்டாம் பதில். போனவர் வருவார் அல்லவா? பிள்ளை காத்திருக்கிறது. என்னிடம் சொல்லாமல் ஏன் போனார், நான் செய்த குறும்பினால் கோபித்துக்கொண்டு போய்விட்டாரோ என்று தனக்குள்ளே கேட்டுக்கொள்கிறது.

"பாட்டி ரொம்ப நல்லவள், அதனால் சாமி எடுத்துக்கொண்டார்" என்பது மூன்றாம் பதில். கேட்பதற்கு இது பக்தியாக இருக்கிறது. ஆனால், "நான் நல்ல பிள்ளையாக இருந்தால் என்னையும் எடுத்துக்கொள்வாரா?" என்று ஐந்து வயதுப் பிள்ளை கேட்டால் நாம் என்ன சொல்வோம்? பாட்டியைப் பறித்துக்கொண்ட சாமியை அந்தப் பிள்ளை எப்படி நேசிக்கும்?

நம்மைப் போன்ற கடற்கரை ஊர்களுக்கு இது சிறிய காரியம் அல்ல. 2004 டிசம்பர் 26-ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், கடல் ஊருக்குள் வந்ததை நாம் மறக்கவில்லை. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயலில் கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பவில்லை. பலருடைய உடல்கூடக் கரை சேரவில்லை. 2020, 2021-ஆம் ஆண்டுகளில் கொரோனாக் காலத்தில் முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் அடக்கம் நடந்தது. உடலைக் காணாத வீட்டிலே பெரியவர்களின் மனமே ஒப்பவில்லை. பிள்ளைகளின் மனம் எப்படி ஒப்பும்?

நான் முன்பு பணியாற்றிய பங்கொன்றில் ஒரு சிறுவன் இருந்தான். தகப்பன் கடலில் காணாமல் போனபோது, "அப்பா வருவார்" என்றுதான் அவனிடம் சொன்னார்கள். படகு கரைக்கு வரும் போதெல்லாம் ஓடிப்போய்ப் பார்ப்பான். பல மாதம் கழித்து, பள்ளியில் வேறொரு பையன் சண்டையில் சொல்லித்தான் அவனுக்கு உண்மை தெரிந்தது. அன்று அவன் அழுதது தகப்பனுக்காக மட்டுமல்ல. வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தும் தன்னிடம் மட்டும் யாரும் சொல்லவில்லையே என்றுதான் அதிகமாக அழுதான்.

பிள்ளைக்கு எவ்வளவு புரியும்?

"சின்னப் பிள்ளைக்கு என்ன புரியப்போகிறது?" என்று நீங்கள் கேட்கலாம். இதை ஆராய்ந்தவர்கள் உண்டு. மரியா நாஜ் என்ற அறிஞர் ஹங்கேரி நாட்டுப் பிள்ளைகள் 378 பேரிடம் சாவைப் பற்றிப் பேசியும், எழுதச் சொல்லியும், படம் வரையச் சொல்லியும் ஆராய்ந்து 1948-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் சாவை ஒரு தூக்கமாகவோ, பயணமாகவோ எண்ணுகிறார்கள் என்றும், போனவர் திரும்பி வரலாம் என்று நினைக்கிறார்கள் என்றும் அவர் கண்டார். பின்னால் வந்த ஆய்வுகளோ, ஐந்து முதல் ஏழு வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அடிப்படை உண்மை விளங்கிவிடுகிறது என்று கூறுகின்றன. இறந்தவர் திரும்புவதில்லை, அவருக்குப் பசியோ வலியோ குளிரோ இல்லை, உயிருள்ள எல்லாரும் ஒருநாள் இறப்பார்கள் என்பவையே அந்த உண்மைகள்.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? தூக்கம் என்றும் பயணம் என்றும் பிள்ளை தானாகவே தவறாக எண்ணுகிறது. நாமும் அதையே சொல்லி அந்த எண்ணத்தை உறுதிப்படுத்துகிறோம்! பிள்ளைக்குத் துக்கம் உண்டு. அதைச் சொல்ல வார்த்தைதான் இல்லை. ஆகவே அது வயிற்றுவலி என்கிறது, படுக்கையை நனைக்கிறது, தம்பியை அடிக்கிறது. நம் தாய்மார் இதைப் பார்த்து, "பிள்ளை ஏங்கிப்போச்சு" என்பார்கள். எவ்வளவு ஆழமான சொல்! ஆனால் அந்தச் சொல்லைப் பிள்ளையைப் பற்றிப் பிறரிடம் சொல்கிறோமே தவிர, பிள்ளைக்கு நாம் கற்றுக்கொடுப்பதில்லை.

படம் ஏன் உதவுகிறது?

கி.பி. 600 அளவில் மார்செய் நகரத்து ஆயர் செரேனுஸ் என்பவர் கோயில் படங்களையெல்லாம் உடைத்தெறிந்தார். அவருக்குப் பெரிய கிரகோரியார் என்னும் பாப்பரசர் கடிதம் எழுதிக் கண்டித்தார். படிக்கத் தெரிந்தவர்களுக்கு வேத நூல் எதுவோ, படிக்கத் தெரியாதவர்களுக்குப் படம் அது என்பது அவருடைய கருத்து. நம் பங்கில் படிக்கத் தெரியாதவர்கள் இன்று யார்? நம் மடியிலிருக்கும் பிள்ளைகள்தானே!

நம் கோயில் சுவரைப் பாருங்கள். சிலுவைப்பாதையின் 14 நிலைகளும் வரிசையாக இருக்கின்றன. 1731-இல் பன்னிரண்டாம் கிளமெந்து பாப்பரசர் காலத்தில் 14 என்று உறுதி செய்யப்பட்ட அவை, ஒரு துயரக் கதையைப் படம் படமாகச் சொல்கின்றன. தாயின் இடுப்பிலிருக்கும் குழந்தை, "அந்த அம்மா ஏன் அழுறாங்க?" என்று நான்காம் நிலையைக் காட்டிக் கேட்பதில்லையா? அதன் பயத்தைப் பற்றிப் பேச ஒரு வாசல் அங்கே திறக்கிறது. ஆறாம் நிலையிலுள்ள வெரோணிக்காளைப் பாருங்கள். அவளால் சிலுவையைத் தடுக்க முடியவில்லை. முகத்தைத் துடைக்கத்தான் முடிந்தது. துக்கத்திலிருக்கும் பிள்ளைக்கு நாம் செய்யக்கூடியதும் பெரும்பாலும் அவ்வளவே.

படப் புத்தகமும் இதே வேலையைத்தான் செய்கிறது. துக்கம் பிள்ளையின் நெஞ்சுக்குள் இருக்கும் வரையில் அதற்கு உருவம் இல்லை. தாளில் வந்துவிட்டால் பிள்ளை அதை விரலால் தொட்டுக் காட்டலாம். பயமாக இருந்தால் பக்கத்தைப் புரட்டலாம், புத்தகத்தை மூடலாம், நாளைக்கு மறுபடியும் திறக்கலாம். "நீ ஏன் அழுகிறாய்?" என்று கேட்டால் பேசாத பிள்ளை, "இந்தப் பையன் ஏன் அழுகிறான்?" என்று கேட்டால் பேசும். அத்துடன், புத்தகத்தைப் பார்க்கும்போது பிள்ளை நம் மடியிலே இருக்கிறது. பாதி ஆறுதல் புத்தகத்தில் இருந்தால், பாதி அந்த மடியில் இருக்கிறது.

சில நல்ல புத்தகங்கள்

மேல்நாடுகளில் இந்தக் கருத்தில் நல்ல புத்தகங்கள் பல வந்திருக்கின்றன. நான்கை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, அமெரிக்க எழுத்தாளர் மார்கரெட் வைஸ் பிரவுன் எழுதிய 'தி டெட் பேர்ட்'. அவர் எழுதிய கதை 1938-இல் வெளிவந்தது. ரெமி சார்லிப் வரைந்த படங்களோடு 1958-இல் தனிப் புத்தகமாயிற்று. விளையாடப் போன பிள்ளைகள் செத்துக் கிடக்கும் ஒரு பறவையைக் காண்கிறார்கள். தொட்டுப் பார்க்கிறார்கள், நெஞ்சு துடிக்கவில்லை. காட்டில் குழி தோண்டிப் புதைத்து, பாட்டுப் பாடி, பூ வைக்கிறார்கள். மறந்துபோகும் வரையில் நாள்தோறும் வந்து பாடிவிட்டுப் போகிறார்கள். அவ்வளவுதான் கதை. சாவு என்றால் என்ன, அடக்கம் என்றால் என்ன, துக்கம் எப்படி மெல்லத் தணிகிறது என்ற மூன்றும் அதில் அடங்கிவிட்டன.

இரண்டாவது, ஜூடித் வியோர்ஸ்ட் 1971-இல் எழுதிய 'தி டென்த் குட் திங் அபவுட் பார்னி'. ஒரு பையனின் பூனை இறந்துவிடுகிறது. அதைப் பற்றிய பத்து நல்ல காரியங்களை நினைத்து அடக்கத்தில் சொல்லும்படி தாய் சொல்கிறாள். அவனுக்கு ஒன்பதுதான் கிடைக்கிறது. பத்தாவது, தகப்பனோடு தோட்ட வேலை செய்யும்போது கிடைக்கிறது: மண்ணுக்குள் இருக்கும் பூனை, பூக்கள் வளர உதவுகிறது. இந்தக் கதையில் வரும் தகப்பன் தனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசுவதில்லை. பெற்றோர் கவனிக்க வேண்டிய குணம் அது.

மூன்றாவது, இங்கிலாந்தைச் சேர்ந்த சூசன் வார்லியின் 'பேட்ஜர்ஸ் பார்ட்டிங் கிஃப்ட்ஸ்', 1984-இல் வந்தது. வளையில் வாழும் பேட்ஜர் என்னும் விலங்கு முதுமையடைந்து இறந்துவிடுகிறது. குளிர்காலம் முழுவதும் நண்பர்கள் வருந்துகிறார்கள். வசந்தம் வந்ததும் ஒன்றுகூடிப் பேசுகிறார்கள். தவளைக்குப் பனியில் சறுக்கக் கற்றுக்கொடுத்தது பேட்ஜர். நரிக்குக் கழுத்துப் பட்டி கட்டக் கற்றுக்கொடுத்ததும் அதுவே. முயலுக்கு இஞ்சி ரொட்டி சுடும் பக்குவம் சொன்னதும் அதுவே. போனவர் நம் கைகளில் விட்டுச் சென்றது என்ன என்று பிள்ளைகளை எண்ணிப் பார்க்கச் செய்யும் கதை இது.

நான்காவது, மைக்கேல் ரோசன் எழுதி, குவென்டின் பிளேக் படம் வரைந்து 2004-இல் வந்த 'சேட் புக்'. ரோசனின் மகன் எடி 1999-இல் மூளைக்காய்ச்சலால் 18 வயதில் இறந்துபோனார். அந்தத் தகப்பனே எழுதிய புத்தகம் இது. முதல் படத்தில் அவர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். ஆனால் உள்ளே துக்கம்தான், வெளியே சிரிப்பது வேஷம் என்று எழுத்து சொல்கிறது. கடைசிப் படத்தில் எழுத்தே இல்லை. எரியும் மெழுகுதிரியின் முன்னே ஒரு படத்தைப் பார்த்தபடி அவர் உட்கார்ந்திருக்கிறார். 'எல்லாம் சரியாகிவிட்டது' என்று அந்தப் புத்தகம் பொய் சொல்லவில்லை. மிகச் சிறிய பிள்ளைகளுக்கு இது பாரமாக இருக்கும். ஏழெட்டு வயதுப் பிள்ளைகளோடு பெரியவர்கள் சேர்ந்து பார்க்கலாம்.

இவையெல்லாம் ஆங்கிலம், நமக்கு எட்டாது என்று நினைக்க வேண்டாம். படத்தைக் காட்டித் தமிழில் கதை சொல்ல எந்தத் தாய்க்கும் தெரியும். நம் நாட்டிலும் முயற்சி நடக்கிறது. சென்னையில் துளிகா பதிப்பகம் 1996 முதல் தமிழிலும் பிற மொழிகளிலும் படப் புத்தகங்கள் வெளியிட்டு வருகிறது. சதுரா ராவ் எழுதி அவர்கள் வெளியிட்ட 'கான் கிராண்ட்மதர்', பாட்டியை இழந்த ஒரு சிறுமியின் கதை. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' இணைய நூலகத்தில் தமிழ்ப் படக் கதைகளை இலவசமாகவே படிக்கலாம். அழும் பிள்ளையின் கையில் கைபேசியைத் திணிக்கும் நாம், அதே கைபேசியைப் பிள்ளையோடு சேர்ந்து பார்க்கலாமே!

எப்படிப் படிப்பது?

முதலாவதாக, நீங்கள் தனியாக ஒருமுறை படித்துப் பாருங்கள். உங்களுக்கு எங்கே தொண்டை அடைக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளை முன்னால் கண் கலங்கினாலும் குற்றமில்லை. "அம்மாவுக்கும் வருத்தமாக இருக்கிறது" என்று சொல்லுங்கள், போதும்.

இரண்டாவதாக, அவசரப்படாதீர்கள். பிள்ளை ஒரு படத்திலேயே நின்றால் நீங்களும் நில்லுங்கள். அதே கதையைப் பத்து முறை கேட்டால் பத்து முறையும் சொல்லுங்கள். நாம் செபமாலையில் ஒரே செபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதில்லையா? மனம் அமைதியடைய அதுவும் ஒரு வழி.

மூன்றாவதாக, சொற்களைக் கொடுங்கள். இந்தப் பையனுக்கு வந்தது வருத்தமா, ஏக்கமா, பயமா, கோபமா, ஏமாற்றமா என்று படத்தைக் காட்டிக் கேளுங்கள். பெயர் தெரிந்துவிட்டால் பிள்ளையே ஒருநாள் வந்து, "அம்மா, எனக்கு ஏக்கமா இருக்கு" என்று சொல்லும்.

நான்காவதாக, கதை முடிந்ததும் பிரசங்கம் செய்யாதீர்கள்! பிரசங்கம் செய்ய நான் இருக்கிறேன். பிள்ளை இறங்கி விளையாட ஓடினால் ஓடட்டும். சிறு பிள்ளை துக்கத்தைச் சிறிது சிறிதாகத்தான் சுமக்கும். சற்று நேரம் அழும், உடனே விளையாடும், மறுபடியும் வந்து கேட்கும்.

ஐந்தாவதாக, சாவு வரும் வரையில் காத்திராதீர்கள். கோழிக்குஞ்சு செத்தாலும், தோழி வேறு ஊர் போனாலும், அப்பா வளைகுடா நாட்டுக்குப் புறப்பட்டாலும், அக்கா விடுதியில் சேர்ந்தாலும் பிள்ளைக்கு அது துக்கமே. சிறு துக்கத்தில் பேசிப் பழகிய வீடு, பெரிய துக்கத்தில் ஊமையாகாது.

புத்தகம் கிடைக்காவிட்டால் நீங்களே செய்யலாம். நான் சொன்ன அந்தச் சிறுவனுக்கு அவனுடைய அத்தை ஒரு புத்தகம் செய்தாள். நான்கு வெள்ளைத் தாளை மடித்து நடுவில் தைத்து, "இது அப்பா புத்தகம், நீ வரை" என்றாள். முதல் பக்கத்தில் அப்பா வலை பொத்துகிறார். அடுத்ததில் அப்பா பெரிய சீலா மீனைத் தூக்கிக் காட்டுகிறார். அதற்கடுத்ததில் அப்பாவின் தோளில் அவன் உட்கார்ந்து திருவிழாத் தேர் பார்க்கிறான். ஒரு பக்கம் முழுவதும் நீலத்தைத் தேய்த்துவிட்டு வேறொன்றும் வரையாமல் விட்டான். அந்தப் பக்கத்தைத் தாயிடம் காட்டி, "அப்பா இனி வரமாட்டாரா?" என்று கேட்டான். "வரமாட்டார் மக்களே" என்று அன்றுதான் தாய் வாய்விட்டுச் சொன்னாள். இருவரும் சேர்ந்து அழுதார்கள். அதன் பிறகு அவன் படகைப் பார்க்க ஓடவில்லை. கடற்கரைக்குப் போவான், ஆனால் விளையாடப் போவான்.

நம்பிக்கை கண்ணீரைத் தடுப்பதில்லை

"உயிர்ப்பை நம்பும் நாம் அழலாமா சாமி?" என்று சிலர் கேட்கிறார்கள். லாசரை உயிர்ப்பிக்கப்போகிறோம் என்று அறிந்திருந்தும் ஆண்டவர் இயேசு அவனுடைய கல்லறையருகே அழுதார். அவரே அழுதிருக்க, பிள்ளையைப் பார்த்து "அழாதே" என்று நாம் ஏன் அதட்ட வேண்டும்? முதலில் உண்மையைச் சொல்லுங்கள்: "தாத்தா இறந்துவிட்டார். அவருடைய உடல் இனி வேலை செய்யாது. அவர் வீட்டுக்குத் திரும்பி வரமாட்டார்." அதன் பிறகு நம்பிக்கையைச் சொல்லுங்கள்: "தாத்தா கடவுளிடம் இருக்கிறார் என்று நாம் நம்புகிறோம். நாமும் ஒருநாள் அவரைக் காண்போம்." இந்த வரிசை மாறக் கூடாது. உண்மையைச் சொல்லாமல் நம்பிக்கையை மட்டும் சொன்னால் மோட்சமும் பிள்ளைக்கு ஒரு வெளிநாடாகிவிடும்.

நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளன்று பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். மெழுகுதிரியை அவர்கள் கையாலேயே ஏற்றச் சொல்லுங்கள். பெயரை வாசித்துக் காட்டுங்கள். தாத்தாவைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதையும் சொல்லுங்கள்.

ஒன்றை மறவாதீர்கள். படப் புத்தகம் மருந்து அல்ல. வாரக்கணக்கில் பிள்ளை சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தாலோ, செத்துப்போக வேண்டும் என்று சொன்னாலோ, மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டு காலம் கடத்த வேண்டாம். உடனே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

முடிவாக ஒரு வேண்டுகோள். பொன்விழா நினைவாக என்ன செய்யலாம் என்று பலர் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். வளைவு கட்டுவோர் கட்டட்டும். கொடிமரம் தருவோர் தரட்டும். மறைக்கல்வி அறையில் ஓர் அலமாரி காலியாக இருக்கிறது. குடும்பத்துக்கு ஒரு படப் புத்தகம் தாருங்கள். சிரிக்க வைக்கும் புத்தகங்கள் நிறைய இருக்கட்டும். அழுகையைப் புரிய வைக்கும் புத்தகங்கள் சிலவாவது இருக்கட்டும். ஞாயிறு பூசை முடிந்ததும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். கிழிந்தாலும் பரவாயில்லை, பிள்ளைகள் படித்துக் கிழித்தார்கள் என்று மகிழ்வோம். துஷ்டி நடந்த வீட்டுக்குச் சந்திக்கப் போகும் சபையார், பெரியவர்களுக்கு அரிசி பருப்பு கொண்டுபோவது போல, அந்த வீட்டுப் பிள்ளைக்கு இதிலிருந்து ஒரு புத்தகமும் கொண்டுபோய், பத்து நிமிடம் அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வரட்டும்.

அழுகிறவர்களைத் தேற்றுவது இரக்கச் செயல்களில் ஒன்று என்று சிறு வயதிலேயே மனப்பாடம் செய்தோம். அழுகிறவர்களில் சிறியவர்களும் உண்டு என்பதை இனி நினைவில் வைப்போம். இறைவன் உங்கள் இல்லங்களையும் உங்கள் பிள்ளைகளையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக!